சர்வர் இல்லாத சின்ன மென்பொருளுக்கு ஆவண டேட்டாபேஸ் சரிவருமா?

கேள்வி சுருக்கமாக இது: "டாட்நெட்டில் ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறேன். பழுதுபார்க்க வரும் கருவிகளுக்குச் சீட்டு போட்டு, என்ன கோளாறு, எந்த உதிரிபாகம் மாற்றப்பட்டது, எப்போது திருப்பிக் கொடுத்தோம் என்று பதிவு செய்வது அதன் வேலை. கருவிக்குக் கருவி குறிக்க வேண்டிய விவரம் மாறும். இப்போது எல்லாம் ஒரே ஜேசன் ஃபைலில் இருக்கிறது, சுமார் 3000 சீட்டு. தனியாக சர்வர் போட விருப்பமில்லை. லைட்டிடிபி மாதிரி ஒன்று போதுமா, இல்லை எஸ்க்யூலைட்டுக்கே போய்விடலாமா?"

முதலில் பெயர்கள். ஜேசன் என்பது பெயரும் மதிப்புமாக டேட்டாவை எழுதும் ஓர் எழுத்து வடிவம். லைட்டிடிபி ஓர் ஆவண டேட்டாபேஸ்: ஒவ்வொரு பதிவையும் ஜேசன் மாதிரி ஒரு முழு ஆவணமாக வைக்கும். எஸ்க்யூலைட் பதிவுகளை அட்டவணைகளாக வைக்கும். இரண்டுக்கும் சர்வர் வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவுக்கு லைட்டிடிபி தாராளமாகப் போதும். 3000 சீட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தாங்குமா தாங்காதா என்று பார்த்து இதைத் தேர்ந்தெடுப்பதைவிட, உள்ளே போட்டதை நாளைக்கு எப்படியெல்லாம் கேட்கப்போகிறீர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆவண டேட்டாபேஸைப் பலர் பிடித்துக்கொள்வது எழுதுகிற சுகத்துக்காக. ஆப்ஜெக்டை அப்படியே தூக்கி உள்ளே போட்டால் சேமிப்பு முடிந்தது; அட்டவணை வரைய வேண்டாம், அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் எழுத வேண்டாம். ஆறு மாதம் கழித்து "இந்த உதிரிபாகம் எந்தெந்த மாடலில் அடிக்கடி போகிறது" என்று யாராவது கேட்கும்போதுதான் அந்தச் சுகத்துக்கு என்ன விலை என்று தெரியும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த விலையைப் பற்றித்தான்.

இனி உங்கள் ஜேசன் ஃபைல். அதை மட்டமாக நினைக்காதீர்கள். சில நூறு பதிவு, ஒரே ஆள், எப்போதாவது ஒரு திருத்தம் என்றால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அதில் என்னைப் பயமுறுத்துவது வேகக் குறைவு அல்ல, பாதி எழுதும்போது மின்சாரம் போவது. ஃபைலைத் திறந்து, காலி செய்து, மறுபடி முழுக்க எழுதுவதுதான் வழக்கமான முறை. காலி செய்த கணத்துக்கும் கடைசி பைட் டிஸ்க்கில் இறங்கும் கணத்துக்கும் நடுவில் உங்களிடம் பழைய டேட்டாவும் இல்லை, புதியதும் இல்லை. புதிதாக ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, அது டிஸ்க்கில் இறங்கியதை உறுதி செய்துகொண்டு, பிறகு பழைய பெயருக்கு மாற்றினால் இந்த ஓட்டையைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம். இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள், டேட்டாபேஸ் மாற்றுவது எப்போது நடந்தாலும் சரி.

இதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்பவை சில உண்டு. பைத்தானில் டைனிடிபி: ஒரு ஜேசன் ஃபைல், அதன் மேல் தேடுவதற்கு அழகான ஒரு அடுக்கு. இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்) கிடையாது, ஒரு சீட்டில் ஒரு எழுத்தை மாற்றினாலும் வழக்கமான அமைப்பில் மொத்த ஃபைலும் திரும்ப எழுதப்படும். தன் எல்லை இதுதான் என்று அதன் கையேடே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node.js) பக்கம் நெடிபி: மாங்கோடிபி என்ற பிரபலமான ஆவண டேட்டாபேஸ் சர்வரின் கட்டளைகளில் ஒரு பகுதியை அப்படியே பேசும். ஃபைலைத் தொடங்கும்போதே முழுதாக நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஃபைலின் கடைசியில் ஒரு புதிய வரியாகச் சேர்க்கும். நீக்கினால்கூட 'இது நீக்கப்பட்டது' என்று ஒரு வரி சேரும். அவ்வப்போது பழைய வரிகளைக் கழித்து ஃபைலைச் சுருக்கிக்கொள்ளும். எளிமையான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் மூல ஆசிரியர் பராமரிப்பை நிறுத்திவிட்டார். வேறு சிலர் கிளை பிரித்துத் தொடர்கிறார்கள். இந்த வகைக் கருவிகளில் இது அடிக்கடி நடக்கும் கதை. கடைசியில் மறுபடி வருகிறேன்.

லைட்டிடிபி இவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது. முழுக்க சி ஷார்ப்பில் எழுதப்பட்டது, ஒரே ஒரு டிஎல்எல், எம்ஐடி உரிமம். டேட்டா முழுவதும் ஒரே ஃபைலில். சர்வர் இல்லை, போர்ட் இல்லை, நிறுவுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் மென்பொருளின் உள்ளேயே ஒரு நூலகமாக ஓடுகிறது. உள்ளே சேமிப்பது பைசன் வடிவத்தில், அதாவது ஜேசனின் பைனரித் தம்பி. மாங்கோடிபியால் பிரபலமானது. ஜேசனில் இல்லாத தேதி, பைனரி போன்ற வகைகள் இதில் உண்டு.

ஃபைலுக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் இங்கே நீங்கள்தான் டேட்டாபேஸ் நிர்வாகி. ஐந்தாம் பதிப்பிலிருந்து ஃபைல் 8 கேபி பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் எதையாவது மாற்றும்போது மாறிய பக்கங்கள் நேராக முதன்மை ஃபைலுக்குப் போவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஒரு லாக் ஃபைலில் முதலில் எழுதப்படுகின்றன. ட்ரான்சாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே கூடாத மாற்றங்களின் தொகுதி) முடிந்தது என்ற குறி அதில் விழுந்தால்தான் அந்த மாற்றம் கணக்கில் வரும். நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை திறக்கும்போது முடியாத ட்ரான்சாக்ஷனின் பக்கங்கள் கண்டுகொள்ளாமல் விடப்படும். லாக் ஓரளவு வளர்ந்ததும், வழக்கமாக 1000 பக்கம் ஆனதும், அதில் உள்ளவை முதன்மை ஃபைலுக்கு மாற்றப்படும். ஒழுங்காக மூடினாலும் அது நடக்கும்.

இதிலிருந்து நேரடியாக ஒரு விஷயம் கிடைக்கிறது. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மை ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் அது பேக்கப் ஆகாது. இன்று காலை போட்ட சீட்டுகள் லாக் ஃபைலில் உட்கார்ந்திருக்கலாம். டேட்டாபேஸை முறையாக மூடிய பிறகு காப்பி எடுங்கள், அல்லது மென்பொருளுக்குள்ளிருந்தே லாக்கை முதன்மை ஃபைலுக்கு இறக்கச் சொல்லி, எழுதுவதை நிறுத்தி வைத்து எடுங்கள். நான் எப்போதும் செய்வது: மென்பொருள் தொடங்கும்போது, டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன்பே, முந்தைய நாள் ஃபைலைத் தேதியிட்டு ஒரு பிரதி, லாக் ஃபைல் பக்கத்தில் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து. கடைசி 14 பிரதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். இருபது வரி நிரல்கூட ஆகாது. இதுவரை எந்த இன்டெக்ஸும் செய்யாத உபகாரத்தை எனக்கு இது செய்திருக்கிறது.

அதே மாதிரி, பதிவுகளை அழித்தால் ஃபைல் சிறியதாகாது. காலியான பக்கங்கள் அடுத்த பதிவுக்காகக் காத்திருக்கும். நிஜமாகவே சுருங்க வேண்டும் என்றால் ஃபைலை மறுபடி கட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. எஸ்க்யூலைட்டிலும் இதே கதைதான். "அழித்தேன், அளவு குறையவே இல்லை" என்று புகார் வந்தால் பதறாதீர்கள்.

இனி உங்கள் சீட்டு. ஒரு பழுதுச் சீட்டு ஆவணத்துக்கு ஏற்ற வடிவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கருவியின் விவரம், கோளாறுகளின் பட்டியல், மாற்றிய பாகங்கள், ஒவ்வொன்றும் எத்தனை, அன்றைய விலை என்ன, யார் வேலை பார்த்தார் எல்லாம் ஒரே காகிதத்தில் இருப்பவை. திரையிலும் ஒன்றாகத்தான் வரும். அட்டவணையில் போட்டால் நான்கைந்து அட்டவணையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒட்டவைக்க வேண்டும். பிரிண்டருக்கு ஒரு விவரம், மின்னோட்டமானிக்கு வேறு விவரம் என்று வரும்போது அட்டவணையின் பாதி நெடுவரிசைகள் காலியாகக் கிடக்கும். ஆவணமாக வைத்தால் ஒரே வாசிப்பு.

குழப்பம் வருவது எதை உள்ளே வைப்பது, எதைத் தனியே வைத்துச் சுட்டுவது என்பதில். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைச் சீட்டுக்குள் எழுதலாமா? பாகத்தின் விலையை? இதற்கு நான் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி: நாளை அது மாறினால் பழைய சீட்டும் மாற வேண்டுமா? பாகத்தின் விலை நாளைக்கு ஏறினாலும் போன மாதச் சீட்டில் போன மாத விலைதான் நிற்க வேண்டும். ஆகவே அது சீட்டுக்குள் நகலாக இருக்கட்டும். தொலைபேசி எண் மாறினால் எல்லாச் சீட்டிலிருந்தும் புதிய எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். ஆகவே அது வாடிக்கையாளர் கலெக்ஷனில் (ஒரே வகை ஆவணங்களின் தொகுப்பில்), சீட்டில் அவருடைய அடையாள எண் மட்டும். முகவரி இரண்டுக்கும் நடுவில்: பில்லில் அச்சிட்ட முகவரி நகல், இன்றைய முகவரி சுட்டல். இந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்தவர்கள் பிறகு ஆவண டேட்டாபேஸைத் திட்டி நான் கேட்டதில்லை.

இன்னொன்று: முடிவே இல்லாமல் வளரும் பட்டியலை ஆவணத்துக்குள் வைக்காதீர்கள். ஒரு சீட்டில் ஐந்தாறு பாகம் வரும், அவ்வளவுதான்; அது உள்ளே இருக்கலாம். ஒரு வாடிக்கையாளரின் எல்லாச் சீட்டுகளையும் வாடிக்கையாளர் ஆவணத்துக்குள் பட்டியலாக வைத்தால், ஒவ்வொரு புதிய சீட்டுக்கும் அந்த ஆவணம் முழுவதும் ஏற்றப்பட்டு, முழுவதும் திரும்ப எழுதப்படும். மாங்கோடிபியே ஓர் ஆவணத்துக்கு 16 எம்பி என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை நெருங்குவதற்கு வெகு முன்பே மென்பொருள் இழுக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது, கையேட்டை மேலோட்டமாகப் படித்தவர்கள் வழுக்கி விழும் இடங்கள். இதில் சிலவற்றில் நானே விழுந்து எழுந்தவன்.

நேரம். டாட்நெட்டின் நேரம் ஒரு நொடியைக் கோடிப் பங்காகப் பிரித்து வைத்திருக்கும், அதாவது 100 நானோநொடித் துல்லியம். பைசனில் நேரம் மில்லிநொடிக் கணக்கு. ஆகவே ஒரு நேரத்தைச் சேமித்துத் திரும்ப எடுத்தால் மில்லிநொடிக்குக் கீழே உள்ளது வெட்டப்பட்டிருக்கும். நினைவகத்தில் இருப்பதையும் டேட்டாபேஸிலிருந்து வந்ததையும் 'சமமா' என்று ஒப்பிட்டால் 'இல்லை' என்று வரும். ஒரு சீட்டை வேறு யாராவது மாற்றிவிட்டார்களா என்று பார்க்க இப்படித்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாச் சீட்டும் மாறிவிட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தது; கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதுவும் போதாதென்று, லைட்டிடிபி நேரத்தை உலகப் பொது நேரமாகச் சேமித்து, திருப்பித் தரும்போது வழக்கமாக உள்ளூர் நேரமாக மாற்றித்தரும். பொது நேரமாகவே தரச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது; முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். மாற்றங்களைக் கண்டறிய நேரத்தை நம்பாமல், ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒன்று கூடும் ஒரு முழு எண்ணை ஆவணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்று எழுத்துச்சரம். வழக்கமான அமைப்பில் லைட்டிடிபி உங்கள் வகுப்பை ஆவணமாக மாற்றும்போது எழுத்துச்சரத்தின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நறுக்கும். காலியான சரத்தை நல் (null, அதாவது 'மதிப்பே இல்லை') ஆக்கிவிடும். பெரும்பாலும் இது நல்லதற்குத்தான். ஆனால் 'குறிப்பு எதுவும் இல்லை' என்பதையும் 'குறிப்பு இன்னும் எழுதவில்லை' என்பதையும் நீங்கள் வேறுபடுத்தி வைத்திருந்தால் அந்த வேறுபாடு சத்தமில்லாமல் காணாமல் போகும். மாற்றிக்கொள்ளலாம், தெரிந்திருந்தால்.

சீட்டு எண். தானாக எண் போடும் வசதியை அப்படியே சீட்டு எண்ணாக அச்சிட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடாதீர்கள். கடைசிச் சீட்டை அழித்துவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால், இருப்பதில் பெரிய எண்ணிலிருந்துதான் அது மறுபடி எண்ணத் தொடங்கும். அதே எண் இன்னொருவருக்குப் போகலாம். உள் அடையாளத்துக்கு ஆப்ஜெக்ட்ஐடி வைத்துக்கொள்ளுங்கள். அது 12 பைட். முதல் 4 பைட் உருவான நேரம் என்பதால் ஓரளவு வரிசையாகவும் வரும். மனிதர் கண்ணுக்கான சீட்டு எண்ணுக்குத் தனியாக ஒரு எண்ணி ஆவணம் வைத்து, சீட்டைச் சேர்க்கும் அதே ட்ரான்சாக்ஷனில் அதையும் ஒன்று கூட்டுங்கள். சீட்டை அழிப்பதே தவறு, 'ரத்து' என்று குறிப்பதுதான் முறை என்பது என் கட்சி; அது வேறு விவாதம்.

எல்லாவற்றிலும் பெரிய வழுக்கல், ஸ்கீமா, அதாவது டேட்டாவின் வடிவத்தைச் சொல்லும் திட்டம், இல்லை என்று நம்புவது. டேட்டாபேஸ் அதைக் கேட்கவில்லை என்பது உண்மை. அது இல்லாமல் போய்விடவில்லை. உங்கள் நிரலுக்குள் குடியேறியிருக்கிறது. 'பாகங்கள்' என்றிருந்த பண்பை 'மாற்றியவை' என்று பெயர் மாற்றி அடுத்த பதிப்பை வெளியிட்டால் பழைய 3000 சீட்டிலும் அந்தப் பட்டியல் காலியாகத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதைவிட மோசம், யாராவது ஒரு பழைய சீட்டைத் திறந்து வேறு எதையோ திருத்திச் சேமித்தால், நிரலுக்குத் தெரியாத பழைய பட்டியல் ஆவணத்திலிருந்தே போய்விடும். அட்டவணை டேட்டாபேஸாக இருந்தால் 'அப்படி ஒரு நெடுவரிசை இல்லை' என்று முதல் நிமிடமே கத்தியிருக்கும். எனும் (enum) வகைகளும், அதாவது பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்களும், அப்படித்தான். அவை வழக்கமாகப் பெயராகவே சேமிக்கப்படுகின்றன. பெயரை மாற்றினால் பழைய ஆவணத்தைப் படிக்கும்போது சிக்கும்.

இதற்கு மருந்து சிரமமானதல்ல. டேட்டாபேஸ் ஃபைலிலேயே ஒரு பதிப்பு எண்ணை எழுதி வைக்க லைட்டிடிபியில் இடம் இருக்கிறது. மென்பொருள் தொடங்கும்போது அதைப் பாருங்கள். 3 என்றிருந்து நிரல் 5 எதிர்பார்த்தால், மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து என்று வரிசையாக மாற்றும் செயல்களை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். அந்த மாற்றங்களை உங்கள் வகுப்புகள் வழியாகச் செய்யாமல் கச்சா ஆவணத்தின் மேலேயே செய்யுங்கள். வகுப்புகள் நாளை மாறிவிடும், பழைய மாற்றுச் செயல் அப்படியே ஓட வேண்டும்.

இன்டெக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆவணத்தையும் திறந்து பார்க்கும். 3000 சீட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, மூன்று லட்சத்தில் தெரியும். சீட்டு எண், வாடிக்கையாளர் அடையாளம், தேதி மூன்றுக்கும் போட்டால் போதும். உள்ளே இருக்கும் பட்டியலின் ஒவ்வொரு பாகக் குறியீட்டுக்கும்கூட இன்டெக்ஸ் போடலாம், அது உண்மையிலேயே பயனுள்ளது. ஒரு குவெரிக்கு ஒரே ஒரு இன்டெக்ஸைத்தான் லைட்டிடிபி பயன்படுத்தும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பத்து இன்டெக்ஸ் போட்டால் பத்து மடங்கு வேகம் வராது, எழுதுவது மட்டும் மெதுவாகும். உள்ளே அது பயன்படுத்துவது ஸ்கிப் லிஸ்ட் என்ற பல அடுக்குப் பட்டியல் அமைப்பு. எந்த அடுக்கு வரை ஒரு கணு உயர வேண்டும் என்பதைக் காசு சுண்டிப் பார்ப்பது போலத் தீர்மானிக்கும் அந்த யோசனையை வில்லியம் பியூ 1990இல் வெளியிட்டார். இன்டெக்ஸுக்கு வழக்கமாகப் பயன்படும் பி-மரத்தை எழுதித் தலைவலி வாங்கியவர்களுக்கு அதன் எளிமை புரியும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கண்டிப்பாக வரப்போகும் கேள்வி: "இன்னொரு கணினியிலும் இதைத் திறக்கலாமா?" ஃபைலை ஒரு பொது ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினியிலிருந்து திறப்பது. செய்யாதீர்கள். லைட்டிடிபிக்கு இரண்டு திறப்பு முறைகள் உண்டு. நேரடி முறையில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள்) ஃபைலைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். பகிர்வு முறையில் ஒவ்வொரு செயலுக்கும் திறந்து மூடும். யார் முறை என்பதை மியூடெக்ஸ் என்ற ஒரு பூட்டு பார்த்துக்கொள்ளும். அந்த மியூடெக்ஸ் அந்தக் கணினிக்குள்தான் செல்லும். அடுத்த கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் வைத்திருந்தார்கள். பல வாரம் ஒன்றும் ஆகவில்லை, அதனால் தைரியம் வந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சேமித்தார்கள். ஃபைல் திறக்கவே இல்லை. எஸ்க்யூலைட்டும் இதில் காப்பாற்றாது. அதன் முன்னெழுது லாக் முறை நெட்வொர்க் ஃபைல் அமைப்பில் வேலை செய்யாது என்று அதன் கையேடே சொல்கிறது. மேகத்தோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரில் ஓடும் டேட்டாபேஸை வைப்பதும் இதே ரகம்: ஒத்திசைக்கும் மென்பொருள் பாதியில் பிடித்த பிரதியை மேலே ஏற்றிவிடும். பேக்கப் பிரதியை அங்கே வையுங்கள், உயிருள்ள ஃபைலை வேண்டாம்.

இரண்டாவது கணினி உண்மையிலேயே வரப்போகிறது என்றால், ஒரு கணினியில் டேட்டாபேஸைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு சின்ன வெப் சேவை எழுதி, மற்றவை அதனோடு பேசட்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முழு சர்வர் டேட்டாபேஸே போடலாமா என்று யோசிப்பது நியாயம். இணைப்பு இல்லாத இடத்தில் எழுதி, பிறகு சேர்க்க வேண்டும் என்றால் அது வேறு விளையாட்டு. பிரௌசரில் ஓடும் பவுச்டிபி, கவுச்டிபி என்ற சர்வர் டேட்டாபேஸோடு ஒத்திசைவதற்காகவே பிறந்தது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் திருத்த எண் வைத்து, மோதல் வந்தால் இரண்டையும் காப்பாற்றி வைத்து, எது வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பை உங்களிடம் விடும். ஒத்திசைவை நீங்களே எழுத முயலாதீர்கள். ஒரு வாரத்தில் முடியும் என்று தோன்றும்; முடியாது.

ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) என்றால் கவலை இல்லை. டேட்டாபேஸ் ஆப்ஜெக்டை மென்பொருள் தொடங்கும்போது ஒரு முறை திறந்து, மூடும்வரை அதையே எல்லோரும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் திறந்து மூடுவது பழைய சர்வர் பழக்கம். இங்கே அது வேகத்தைத்தான் கெடுக்கும்.

புகைப்படம் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன், பழுது என்றால் படம் எடுக்காமல் இருக்க மாட்டார்கள். லைட்டிடிபியில் ஃபைல்களைத் துண்டு துண்டாகச் சேமிக்க வழி உண்டு. சிறு படங்களுக்கு டேட்டாபேஸ் நல்ல இடம்தான்: எஸ்க்யூலைட் குழு 10 கேபி அளவிலான சிறுபடங்களை வைத்துப் பார்த்தபோது, தனித்தனி ஃபைலாகப் படிப்பதைவிட டேட்டாபேஸிலிருந்து படிப்பது சுமார் 35% வேகமாக இருந்தது. கைபேசி எடுக்கும் பல எம்பி படம் வேறு. அதை உள்ளே போட்டால் தினசரிப் பிரதி ஜிபி கணக்கில் வளரும். நான் செய்வது: சிறுபடம் உள்ளே, முழுப்படம் ஃபோல்டரில், ஆவணத்தில் ஃபைல் பெயர் மட்டும். முழுப் பாதையை எழுதாதீர்கள். ஃபோல்டர் இடம் மாறிய அன்று எல்லாப் படமும் அறுந்துவிடும்.

சரி, எஸ்க்யூலைட்டா லைட்டிடிபியா. ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கியது எஸ்க்யூலைட். கைபேசி, பிரௌசர் என்று அது இல்லாத இடமே இல்லை. அதன் ஃபைல் வடிவத்தை 2050 வரை ஆதரிப்பது தங்கள் நோக்கம் என்று அந்தக் குழு எழுதி வைத்திருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது, அதுவே இப்போது பாதி ஆவண டேட்டாபேஸ் என்பது. 2022இல் வந்த 3.38 பதிப்பிலிருந்து ஜேசன் செயல்கள் உள்ளேயே சேர்ந்துவிட்டன. 2024 ஜனவரியில் 3.45இல் ஜேசனை பைனரியாக வைக்கும் வசதியும் வந்தது. ஓர் அட்டவணையில் அடையாள எண், தேதி, வாடிக்கையாளர் என்று மூன்று நெடுவரிசை, மீதி எல்லாம் ஒரு ஜேசன் நெடுவரிசை. ஜேசனுக்குள் இருக்கும் ஒன்றைத் தேட வேண்டி வந்தால் அதிலிருந்து கணக்கிடும் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து அதன் மேல் இன்டெக்ஸ் போட்டுவிடலாம். ஏற்கனவே உள்ள டேட்டாவைத் தொட வேண்டாம். அதற்கு மேல், ஜாயினும் தொகுப்பும் முழு எஸ்க்யூஎல் பலத்தோடு கிடைக்கும்.

லைட்டிடிபியில் ஜாயின் கிடையாது. சுட்டிய ஆவணத்தை உடன் ஏற்றித்தரும் வசதி உண்டு, எளிய தொகுப்பும் உண்டு. "வகைவாரியாக, மாதவாரியாக, பாகவாரியாக எத்தனை, கூடவே அந்த வாடிக்கையாளர் எந்தக் குழு" என்று போனால் நீங்கள்தான் எல்லாவற்றையும் நினைவகத்துக்கு இழுத்து லிங்க்கில் (LINQ, டாட்நெட்டின் தேடல் வசதி) கூட்டிக்கொள்ள வேண்டும். 3000 சீட்டுக்கு அது ஒரு நொடிகூட ஆகாது, அதனால் உங்களுக்கு அது ஒரு குறையும் அல்ல. எங்கே குறையாகும் என்றால், மென்பொருளைத் தொடாமல் வெளியிலிருந்து யாராவது அறிக்கை எடுக்க விரும்பும்போது. எஸ்க்யூலைட் ஃபைலைத் திறக்கத் தெரிந்த கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. லைட்டிடிபி ஃபைலுக்கு அதன் சொந்த ஸ்டூடியோவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவும்தான்.

ஆகவே என் முடிவு: சீட்டைத் திறப்பது, திருத்துவது, தேடுவது, அச்சிடுவது, இவைதான் 90 சதவீத வேலை என்றால் லைட்டிடிபி போடுங்கள், சந்தோஷமாக எழுதலாம். ஒரு வருடத்துக்குள் அறிக்கைகள்தான் மென்பொருளின் முகமாகப் போகின்றன என்று உள்ளூரத் தோன்றினால் எஸ்க்யூலைட்டும் ஒரு ஜேசன் நெடுவரிசையும். டாட்நெட் இல்லாமல் வேறு மொழியில் எழுதுபவராக இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதையே சொல்லியிருப்பேன்.

எதை எடுத்தாலும் டேட்டாபேஸைத் தொடும் வரிகள் எல்லாம் ஒரே வகுப்புக்குள் இருக்கட்டும். எல்லா கலெக்ஷனையும் சாதாரண ஜேசனாக வெளியே கொட்டும் ஒரு பொத்தானை முதல் பதிப்பிலேயே வையுங்கள். இந்தச் சின்ன டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில் பராமரிப்பவை. நெடிபி கதை மேலே சொன்னேன். லைட்டிடிபியே நான்கிலிருந்து ஐந்துக்குப் போனபோது ஃபைல் வடிவம் மாறியது. மேம்படுத்தச் சொல்லித் திறந்தால்தான் பழைய ஃபைல் புதியதில் ஏறும்.

கடவுச்சொல் போட்டால் லைட்டிடிபி ஃபைலை ஏஇஎஸ் என்ற முறையில் மறையாக்கிவிடும். அந்தக் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தால் பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியை மாட்டியது மாதிரி. மறந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

பழைய 3000 சீட்டை மாற்றுவதற்கு: ஒவ்வொன்றாகச் சேர்க்காதீர்கள், மொத்தமாக ஒரே ட்ரான்சாக்ஷனில் சேருங்கள். ஒவ்வொரு தனிச் சேர்ப்பும் டிஸ்க்கில் இறங்கியதா என்று காத்திருக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்றும் பழைய டிஸ்க்கில் நொடிக்கு 60 ட்ரான்சாக்ஷன் என்பது எஸ்க்யூலைட் கையேட்டில் இருக்கும் கணக்கு; அந்த வேகத்தில் உங்கள் 3000 சீட்டுக்கு ஐம்பது நொடி, மொத்தமாகச் சேர்த்தால் கண் இமைக்கும் நேரம். ஜேசனில் தேதிகள் வெறும் எழுத்துச்சரமாகத்தான் இருக்கும். அவற்றை நிஜமான தேதி வகையாக மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால், மாதத்தை '02' என்று இல்லாமல் '2' என்று எழுதியிருந்தால், வரிசைப்படுத்தும்போது பத்தாம் மாதம் இரண்டாம் மாதத்துக்கு முன்னால் வந்து நிற்கும். சேர்த்து முடித்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பாகங்களின் மொத்த விலையையும் இரண்டு பக்கமும் கூட்டி ஒப்பிடுங்கள், எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதாது. பழைய ஜேசன் ஃபைலைப் பெயர் மாற்றி, படிக்க மட்டும் என்று குறித்து, ஒரு மூன்று மாதமாவது அங்கேயே விட்டுவையுங்கள்.